விடுமுறை வீடும் வீட்டு மொழியும்

(பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இச்சொற்பொழிவுத் தொடரில் பேச அழைத்தபோது, தமிழ் ஒலியனியல் பற்றியோ சொற்பிறப்பியல் பற்றியோ நான் பேசுவேன் என மன்றத்தார் எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் தெரிவு செய்த பொருளைக் கேட்டதும் சற்றே வியந்தனர். பணி ஓய்வுக்குப் பின் நானும் என் துணைவியாரும் பிரான்சு நாட்டின் சிற்றூர் ஒன்றில் மூன்று வாரம் தங்கிய விடுமுறையே இன்றைய உரையின் பொருள். ஓய்வெடுக்கச் சென்ற இடத்தில் நான் கற்றுக்கொண்டது சிங்கப்பூரில் தமிழ் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் உரியது என்று கருதுவதால் அதனை உங்கள்முன் வைக்கிறேன்.

ஆற்றங்கரை வீடு

பிரான்சின் தென்மேற்கில் பெரிகோர் என்னும் நிலப்பகுதி உள்ளது. தோர்தோன் ஆறு அதன் ஊடே வளைந்து வளைந்து செல்கிறது. சர்லா நகருக்கு அண்மையில், வாதுமைக் குடும்பத்தினின்று வேறான வால்நட் மரத்தோப்பு ஒன்றின் ஓரத்தில், பழைய கல்வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். இத்தகைய நாட்டுப்புற விடுமுறை வீட்டை அங்கு 'ஜீத்' என்பர். வீட்டுக்குரிய அம்மையார் எண்பது வயதைக் கடந்தவர். முற்றத்தின் மறுபுறத்தில் தனியே வாழ்ந்துவந்தார்.

என்னிடம் இருந்தது ஏட்டுப் பிரெஞ்சு. முனைவர் பட்ட ஆய்வின்போது, திராவிட மொழிகளின் இலக்கண அமைப்பைப் பற்றி ஜூல் பிளாக் 1946இல் வெளியிட்ட நூலை மூலத்திலேயே படித்தாக வேண்டும் என்று என் பேராசிரியர் வற்புறுத்தியதால் கற்ற மொழி அது. வினைமுற்று விகுதிகளைப் பற்றி விவாதிக்க உதவிய அந்தப் பிரெஞ்சு, ரொட்டி வாங்க முதலில் உதவவில்லை.

அவ்வூரின் வாழ்க்கை நம் நகரத்தின் வேகத்திற்கு முற்றிலும் வேறானது. நண்பகல் பன்னிரண்டுக்குக் கடைகள் மூடப்படும். இரண்டு மணிக்குமுன் திறவா. கடைக்குள் நுழைவோர் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாமல் பொருளைக் கேட்பது முரட்டுத்தனமாகக் கருதப்படும். முதல் நாள் நான் அத்தவற்றைச் செய்தேன். ரொட்டிக் கடைப் பெண்மணி என் வினாவிற்கு விடையளிக்காமல், அழுத்தம் திருத்தமாக எனக்கு வணக்கம் கூறிவிட்டுக் காத்திருந்தார். நானும் வணக்கம் சொன்ன பின்னரே விற்பனை தொடங்கிற்று. சாக்லேட் பொதிந்த அப்பத்தைப் பாரிசில் கேட்கும் பெயரால் கேட்டேன். 'இங்கே அதற்குச் சொக்கொலத்தீன் என்று பெயர்' என்று திருத்தினார். தென்மேற்குப் பகுதியினர் இவ்வட்டாரச் சொல்லை இன்றும் விட்டுக்கொடுப்பதில்லை.

சனிக்கிழமைகளில் சர்லாவின் பழந்தெருக்களில் சந்தை கூடும். வால்நட் எண்ணெய், வாத்திறைச்சி, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, அவ்வட்டாரத்தின் பெயர் பெற்ற ஸ்ட்ராபெர்ரி ஆகியவை குவிந்திருக்கும். என் துணைவியார் காய்கறிகளைப் பார்த்தார். நான் சொற்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மொழியியலாளனுக்கு முழுமையான ஓய்வு வாய்ப்பதில்லை.

பெயர்ப்பலகைகள்

முதலில் என் கவனத்தை ஈர்த்தவை ஊர்ப்பெயர்கள். மொந்திஞாக், பெர்ஜெராக், பெய்நாக் என அவற்றுட் பல 'ஆக்' என முடிகின்றன. பண்டைக் கோல் மொழியில் உடைமையைக் குறித்த ஒரு விகுதி, இலத்தீனில் 'ஆக்கும்' என்றாகி, இன்னாருக்குரிய நிலம் என்னும் பொருளில் வழங்கிற்று. தெற்கே அது 'ஆக்' எனச் சுருங்கியது. வடக்கே மேலும் தேய்ந்து 'இ' என்றாயிற்று. ஒரே மூலப்பெயர் தெற்கே சவிஞாக் எனவும் வடக்கே சவிஞி எனவும் வழங்குவது இதனால்தான். இரண்டு பெயர்ப்பலகைகளே ஒரு மொழி எல்லையைக் காட்டிவிடும்.

அவ்வெல்லைக்குத் தெற்கே வழங்கிய மொழி ஒக்சித்தான். 'ஆம்' என்பதற்கு அம்மொழியில் 'ஒக்' என்பர். வடக்கே 'ஒயில்' என்றனர். பின்னதே இன்றைய பிரெஞ்சின் 'வீ'. ஆம் என்னும் சொல்லைக் கொண்டே உரோமானிய மொழிகளை ஒக், ஒயில், சி என்று பாகுபடுத்திக் காட்டியவர் இத்தாலியக் கவிஞர் தாந்தே. லாங்குதொக் என்னும் நிலப்பெயருக்கும் 'ஒக் மொழி' என்பதே பொருள்.

ஆற்றின் இருகரைகளிலும் எதிரெதிரே பெய்நாக், கஸ்தெல்நோ என்னும் இரு கோட்டைகள் நிற்கின்றன. கஸ்தெல்நோ என்றால் புதுக்கோட்டை. வடபகுதியில் அதே பெயர் ஷாத்தோநெஃப் என்றிருக்கும். இலத்தீனின் 'க' வடக்கே 'ச' எனத் திரிந்தது. தெற்கின் பெரும்பகுதியில் திரியவில்லை. ஆட்டைக் குறிக்கும் சொல் சர்லாப் பக்கம் 'கப்ரா'. அதே பெரிகோரின் வடபாகத்தில் 'சப்ரா'. மாணவர்களே, இது உங்களுக்குப் புதிதன்று. கன்னடத்தில் 'கிவி' எனப்படுவது தமிழில் 'செவி' ஆனதை நீங்கள் படித்திருப்பீர்கள். சூழல் வேறு, காலம் வேறு. ஆயினும் மனித நாக்கு ஒன்றே.

சேவலும் பூனையும்

நாட்டுப்புறப் பேச்சை ஆராய்ச்சிப் பொருளாக உயர்த்தியதில் பிரான்சுக்குத் தனிச்சிறப்பு உண்டு. ழில்லியெரோன் என்னும் அறிஞர் பிரான்சின் மொழி நிலவரைபடத்தைத் திட்டமிட்டார். 1897 முதல் 1901 வரை 639 ஊர்களுக்குச் சென்று தரவு திரட்டியவர் எத்மோன். இவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர், மளிகைக் கடை நடத்தியவர், நுண்ணிய செவியுடையவர். அவர் குறித்துவந்த ஒலிகளைக் கொண்டு 1902 தொடங்கி அவ்வரைபடங்கள் வெளிவந்தன.

அவற்றினின்று ழில்லியெரோன் விளக்கிய ஒரு செய்தியை எந்த மொழியியல் வகுப்பும் தவறவிடுவதில்லை. தென்மேற்கில், கஸ்கோன் பேசும் பகுதியில், ஒலிமாற்ற விதிகளின்படி சேவலுக்குரிய இலத்தீன் சொல்லும் பூனைக்குரிய சொல்லும் 'கத்' என ஒரே வடிவம் பெறும் நிலை வந்தது. உழவன் வீட்டில் சேவலும் உண்டு, பூனையும் உண்டு. 'கத் வந்துவிட்டது' என்றால் கோழிக்குஞ்சுகளின் கதி என்ன? ஆகவே அம்மக்கள் சேவலுக்கு வேறு பெயர்களை வழங்கினர். சிலர் அதனை வனக்கோழியின் பெயரால் அழைத்தனர். சிலர் துணைப்பாதிரியாரைக் குறிக்கும் சொல்லால் அழைத்தனர். படிப்பறியா உழவர் தம் மொழியைத் தாமே பழுதுபார்த்துக்கொண்டனர். பேச்சு வழக்கு என்பது கட்டுப்பாடற்ற சிதைவன்று, தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் அமைப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

'அது மொழியன்று'

இரண்டாம் வாரத்தில் வீட்டு அம்மையார் எங்களுக்குத் தோப்பைச் சுற்றிக் காட்டினார். அவருடைய பிரெஞ்சில், பாரிசார் விழுங்கிவிடும் சொல்லிறுதி உயிரொலிகள் தெளிவாகக் கேட்டன. அவை ஒக்சித்தானின் சுவடுகள். 'தாங்கள் ஒக்சித்தான் பேசுவீர்களா, மதாம்?' என்று வினவினேன். இல்லை என்றார். சந்தையில் எண்ணெய் விற்கும் முதியவர் அவரிடம் அம்மொழியில் பேசியதையும், இவர் அதைப் புரிந்துகொண்டு பிரெஞ்சில் விடையளித்ததையும் நான் கேட்டிருந்தேன். அதனைச் சொன்னேன். அவர் சிரித்தார். 'ஓ, அதுவா? அது மொழியன்று. வெறும் பத்துவா' என்றார்.

பத்துவா என்பது நாட்டுப்புறத்தாரின் திருந்தாப் பேச்சு என்னும் இழிவுப் பொருள்கொண்ட பிரெஞ்சுச் சொல். நாம் 'கொச்சை' என்கிறோமே, ஏறத்தாழ அத்தொனி. இடைக்கால ஐரோப்பாவின் அரசவைகளில் பாணர்கள் பாடிய மொழி அது. அம்மொழியின் புரொவான்சு வழக்கில் எழுதிய மிஸ்த்ரால் 1904இல் நோபல் பரிசு பெற்றார். அதன் வட்டார வழக்குகளையெல்லாம் தொகுத்துப் பேரகராதியும் செய்தார். இருந்தும், தாயின் மடியில் அதனைக் கற்ற ஒருவர் அது மொழியே அன்று என்கிறார். இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது?

வெட்கம் கற்பிக்கப்பட்ட முறை

1539இல் முதலாம் பிரான்சுவா மன்னர் வில்லேர்-கொத்ரே ஆணையால் நீதிமன்ற, நிருவாக ஆவணங்களைப் பிரெஞ்சில் எழுதச் செய்தார். அது ஏட்டு மொழியை மாற்றிற்று; வீட்டு மொழியைத் தொடவில்லை. புரட்சிக் காலத்தில் 1794இல் கிரெகுவார் பாதிரியார் தேசியப் பேரவையில் அறிக்கை ஒன்றை வைத்தார். குறைந்தது 60 இலட்சம் பேர் பிரெஞ்சு அறியார்; ஏறத்தாழ அதே அளவினர் அதில் தொடர்ந்து உரையாட இயலாதவர்; செம்மையாகப் பேசுவோர் 30 இலட்சத்தைத் தாண்டார் என்பது அதன் கணக்கு. பத்துவாக்களை ஒழிப்பதன் தேவையே அறிக்கையின் தலைப்பில் இருந்தது.

1881, 1882 ஆண்டுகளின் சட்டங்கள் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கின. அதன் நன்மை பெரிது. ஆனால், பல பள்ளிகளில் ஒரு வழக்கம் இருந்தது. தாய்மொழியில் பேசி அகப்பட்ட பிள்ளையிடம் ஒரு மரக்கட்டையோ பழைய காலணியோ தரப்படும். அப்பிள்ளை, தன்னைப்போல் பேசும் இன்னொரு பிள்ளையைக் கண்டுபிடித்து அதனிடம் தள்ளிவிட வேண்டும். மாலையில் அது யார் கையில் இருக்கிறதோ அவர்க்குத் தண்டனை. மொழியை மறக்கச் செய்ததோடு நண்பனைக் காட்டிக்கொடுக்கவும் அது பழக்கிற்று. இவ்வனுபவத்திற்கு ஒக்சித்தானியர் தம் மொழியில் வைத்த பெயர் 'வெர்கொஞ்ஞா'. வெட்கம் என்பது பொருள்.

அம்மையார் இதனை ஆத்திரத்தோடு சொல்லவில்லை. தம் தாய் தம்மிடம் பிரெஞ்சில் மட்டுமே பேச முயன்றதாகவும், அப்பிரெஞ்சு பிழை மலிந்தது என்றும், கோபம் வந்தால் மட்டும் தாய் பத்துவாவுக்குத் திரும்பிவிடுவார் என்றும் சொன்னார். 'நான் அஞ்சல் நிலையத்தில் வேலை பெற வேண்டும் என்பது அவர் விருப்பம். பெற்றேன்' என்றார். அத்தாயைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அவர் தம் மகளுக்கு நல்வாழ்வைத் தேடினார். ஒரு மொழியைக் கைவிடும் பெற்றோருள் பெரும்பாலோர் அன்பின் பொருட்டே கைவிடுகின்றனர். அதனால்தான் அதனைத் தடுப்பது கடினம்.

வீடு எவ்வாறு காலியாயிற்று

ஒரு மாலை, நாங்கள் தங்கியிருந்த வீடு யாருடையது என்று கேட்டேன். அவருடைய பெரியப்பா குடும்பத்தினுடையது. ஏறத்தாழ ஒவ்வொரு பிரெஞ்சுச் சிற்றூரிலும் முதல் உலகப் போரில் மாண்டவர்களின் பெயர் பொறித்த நினைவுக்கல் உண்டு. அவ்வூர்க் கல்லில் அக்குடும்பத்தின் பெயரும் இருந்தது. எஞ்சியவர்கள் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றனர். வீடு நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது.

பிரான்சில் 1936இல் தொழிலாளர்க்கு ஆண்டுதோறும் இரு வார ஊதிய விடுப்பு சட்டமாயிற்று. 1982இல் அது ஐந்து வாரமாக வளர்ந்துவிட்டது. நகரத்தார் ஓய்வுக்கு நாட்டுப்புறம் நாடினர். காலியான உழவர் வீடுகள் விடுமுறை இல்லங்களாயின. அவ்வருவாயால் கூரைகள் பழுதுபார்க்கப்பட்டன. நான் அனுபவித்த அமைதி, மக்கள் வெளியேறியதால் உண்டான அமைதி. கணப்படுப்பும் கற்சுவரும் அப்படியே இருந்தன. அவ்வடுப்பைச் சுற்றி நிகழ்ந்த பேச்சு மட்டும் இல்லை. வீட்டைக் குறிக்கும் அவ்வூர்ச் சொல் 'ஒஸ்தால்'. அச்சொல்லை அவ்வீட்டினுள் கடைசியாக உச்சரித்தவர் யார் என்பதை அம்மையாராலும் நினைவுகூர இயலவில்லை.

துலூசுப் பேரன்

அம்மையாரின் பேரன் துலூசு நகரில் வாழ்கிறான். அங்கு மெட்ரோ ரயிலில் நிலையங்களின் பெயரைப் பிரெஞ்சிலும் ஒக்சித்தானிலும் அறிவிக்கிறார்கள். கலாந்திரெத்தா எனப்படும் பள்ளிகள் 1979இல் போ நகரில் தொடங்கி ஒக்சித்தான் வழியே பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகின்றன. அப்படியொரு பள்ளியில் அவன் படித்தானாம். 2008இல், வட்டார மொழிகள் பிரான்சின் மரபுச் செல்வம் என்று அரசமைப்புச் சட்டத்திலும் சேர்க்கப்பட்டது. எனினும் 2021இல் அரசமைப்பு மன்றம், அரசுப் பள்ளிகள் உள்ளிட்ட பொதுக் கல்விப் பணியில் அம்மொழிகள் வழியான முழுமூழ்கல் முறை அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. போராட்டம் முடிந்தபாடில்லை.

பேரன் பள்ளி ஒக்சித்தானில் பாட்டியிடம் பேச வந்தபோது நேர்ந்ததைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பாட்டி மகிழ்ச்சியோடு விடையளித்திருக்கிறார். பேரன், 'பாட்டி, அப்படிச் சொல்லக்கூடாது. அது பிரெஞ்சுக் கலப்பு. சரியான சொல் இது' என்று திருத்தினான். பாட்டி அடுத்த வாக்கியத்தைப் பிரெஞ்சில் சொன்னார். 'அவனுடையது புத்தகத்து மொழி. எங்களுடையது அதுவன்று' என்று என்னிடம் கூறினார். இளமையில் பிரெஞ்சின் பெயரால் கேட்ட அதே குற்றச்சாட்டை முதுமையில் ஒக்சித்தானின் பெயரால் கேட்டார்.

என் தவறு

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எனக்கும் ஒரு பேரன் உண்டு. அவனுக்கு ஐந்து வயதிருக்கும்போது, ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து, 'தாத்தா, பஸ் லேட்டா வந்துச்சு' என்றான். அது பிழையற்ற பேச்சுத்தமிழ். நானோ, 'பேருந்து தாமதமாக வந்தது என்று சொல்' என்றேன். அவன் திருப்பிச் சொன்னான். மறுநாளும் திருத்தினேன். சில மாதங்களுக்குப் பின் ஒருமுறை, நான் திருத்தத் தொடங்கியதும், 'நெவர் மைண்ட், தாத்தா' என்றுவிட்டு ஆங்கிலத்தில் தொடர்ந்தான். அதன்பின் என்னிடம் ஆங்கிலமே பேசினான். வளர்ந்தால் திரும்பிவருவான் என்று நான் கருதியிருந்தேன்.

பேச்சு வழக்கு எழுத்து வழக்கின் சிதைவன்று என்று முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் கற்பித்தவன் நான். தொல்காப்பியப் பாயிரம் அந்நூல் உலக வழக்கையும் செய்யுள் வழக்கையும் ஒருங்கே ஆராய்ந்து செய்யப்பட்டது என்றே குறிக்கிறது என மாணவர்க்கு எடுத்துக்காட்டியவன். சேவலையும் பூனையையும் பற்றித் தேர்வில் வினா கேட்டவன். என் வீட்டுக் கூடத்தில் மரக்கட்டையைப் பிள்ளையின் கையில் கொடுத்தவனும் நானே. அன்போடு கொடுத்தேன் என்பது மட்டுமே வேறுபாடு.

நம் நிலையும் ஒக்சித்தானின் நிலையும் ஒன்றல்ல. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. பள்ளி, வானொலி, தொலைக்காட்சி, நாணயத்தாள் எனப் பலவற்றிலும் அதற்கு இடமுண்டு. யாரும் நம்மைத் தமிழ் பேசியதற்காகத் தண்டிக்கவில்லை. ஆயினும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின்படி, ஐந்தும் அதற்கு மேற்பட்ட வயதுமுடைய குடியிருப்பாளருள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. நோபல் பரிசு ஒக்சித்தான் வீடுகளைக் காக்கவில்லை. செம்மொழித் தகுதியும் ஆட்சிமொழித் தகுதியும் மட்டும் நம் வீடுகளைக் காத்துவிடும் என்று எண்ணுவதற்கும் ஆதாரமில்லை.

எழுத்துத்தமிழைக் கைவிடுக என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டா. அது நம்மை இரண்டாயிரம் ஆண்டு இலக்கியத்தோடும் பல நாட்டுத் தமிழரோடும் இணைக்கிறது. அதனைக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை. இந்த உரையும் அவ்வழக்கிலேயே அமைந்துள்ளது. பேச்சுத்தமிழுக்கு நம் வகுப்பறையில் இடம் கிடைத்திருப்பதும் நற்பேறே. நான் வேண்டுவது சிறிது. ஒரு பிள்ளை தமிழில் வாய் திறக்கும்போது, அவன் என்ன சொல்கிறான் என்பதற்கு முதலில் விடையளிப்போம். பேருந்து ஏன் தாமதமாயிற்று என்று கேட்போம். திருத்தத்திற்குரிய இடம் கட்டுரை ஏடு. அதற்குரிய நேரமும் உண்டு. மாணவர்களுக்கும் ஒரு சொல்: உங்கள் பாட்டி பேசும் தமிழ் பாடநூலில் இல்லையென்றால், அது பாடநூலுக்கு எட்டாத செல்வம் என்று கருதுங்கள். எத்மோனைப் போல் ஒரு குறிப்பேட்டை எடுத்துச் சென்று கேட்டு எழுதுங்கள்.

புறப்படும் நாளன்று அம்மையார் ஒரு பை வால்நட் தந்தார். விடைபெறும்போது பிரெஞ்சில் நன்றி சொன்னேன். அவர் ஒக்சித்தானில் ஏதோ சொன்னார். எனக்கு முழுதும் விளங்கவில்லை. ஏட்டை எடுத்துக் குறித்துக்கொள்ளவோ, இலக்கணம் கேட்கவோ நான் முற்படவில்லை. தலையசைத்துக் கேட்டுக்கொண்டேன். அவர் மேலும் இரண்டு வாக்கியம் பேசினார்.

ஊர் திரும்பியபின் என் பேரனைச் சந்தித்தேன். இப்போது அவனுக்குப் பதினான்கு வயது. பயணம் எப்படி இருந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டான். நான் பேச்சுத்தமிழில் விடை சொன்னேன், பஸ், லேட்டு எல்லாம் கலந்து. அவன் சிறிது நேரம் என்னை உற்றுப் பார்த்தான். பின்னர், 'தாத்தா, நீங்க இப்படியெல்லாம் பேசுவீங்களா?' என்று தமிழில் கேட்டான். அவன் கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒன்பது ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கிய உரையாடல் அது; எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நானும் இனித்தான் காண வேண்டும்.